துப்பாக்கிச் சாவு: ஆராயக் காசில்லையா?

ஆசிரியருக்கு,

அமெரிக்காவில் துப்பாக்கிச் சூடு என்றாலே எத்தனை பேர் செத்தார்கள், சுட்டவன் யார் என்பதோடு செய்தி முடிந்துவிடுகிறது. இதை எப்படித் தடுக்கலாம் என்று ஆராயவே அங்கே அரசு 20 வருஷத்துக்கும் மேல் பெரிதாகப் பணம் கொடுக்கவில்லை, அதையும் கொஞ்சம் எழுதுங்கள்.

வீட்டில் துப்பாக்கி இருந்தால் அங்கே கொலை நடக்கும் அபாயம் கூடுகிறது என்று 1993-ல் ஓர் ஆய்வு வந்தது. நிதி கொடுத்தது அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி. துப்பாக்கி ஆதரவாளர்கள் கொதித்துப்போனார்கள். 1996-ல் ஜே டிக்கி என்ற நாடாளுமன்ற உறுப்பினர் பட்ஜெட் சட்டத்தில் கொண்டுவந்த டிக்கி திருத்தம், துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்குப் பிரசாரம் செய்ய நிதியைப் பயன்படுத்தாதே என்றுதான் சொன்னது, ஆராயாதே என்று சொல்லவில்லை. ஆனால் கையோடு, முந்தைய வருஷம் இந்த ஆய்வுகளுக்குச் செலவான அதே 26 லட்சம் டாலரை சிடிசி பட்ஜெட்டிலிருந்து வெட்டினார்கள் பாருங்கள், அப்புறம் எந்த அதிகாரிக்கு இதைத் தொடத் தைரியம் வரும்? ஜே டிக்கியே பிற்பாடு மனம் மாறி, ஆராய்ச்சி வேண்டும் என்று 2012-ல் எழுதினார்.

2020 நிதியாண்டுக்குத்தான் மறுபடி 2.5 கோடி டாலர் வந்தது, அதுவும் சிடிசிக்கும், அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான என்ஐஎச்சுக்கும் பாதிப் பாதி. 2021-ல் மட்டும் 48,000-க்கும் மேற்பட்டோர் துப்பாக்கியால் இறந்த நாட்டுக்கு இது யானைப் பசிக்குச் சோளப்பொரி. அந்தச் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலை. துப்பாக்கியைப் பூட்டி, தோட்டாவைத் தனியாக வைத்தால் எத்தனை உயிர் தப்பும், எந்தப் பூட்டை ஜனங்கள் உண்மையில் பயன்படுத்துவார்கள் என்பதெல்லாம் கட்சிச் சண்டையில் தெரியாது, ஆராய்ந்தால்தான் தெரியும். சரி, அந்தப் பணமாவது நிரந்தரமா? வருஷா வருஷம் காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், ஒதுக்கினால்தான் உண்டு. ஐந்து வருஷம் ஓட வேண்டிய ஆய்வை இந்த நம்பிக்கையில் யார் தொடங்குவார்கள்?

இப்படிக்கு,
ஒரு வாசகர்