நடமாடும்போதே கொடுங்கள்: கேன்டன் தேர்வுக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

ஒஹையோ மாநிலம் கேன்டன் நகரில் உள்ள அமெரிக்கக் கால்பந்துப் புகழ்க்கூடத்தின் தேர்வுக்குழுவினருக்கும் நிர்வாகத்தினருக்கும்,

வணக்கம்.

2025 பிப்ரவரியில் புகழ்க்கூடத்துக்குத் தேர்வானவர்கள் என்று நீங்கள் வெளியிட்ட பட்டியலில் நான்கே பெயர்கள் இருந்தன: எரிக் ஆலன், ஜாரட் ஆலன், அன்டோனியோ கேட்ஸ், ஸ்டெர்லிங் ஷார்ப். 2005க்குப் பிறகு இவ்வளவு சிறிய பட்டியலை நீங்கள் தந்ததில்லை. நால்வரும் தகுதியானவர்கள், அவர்களைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆட்டத்தை விட்டு நெடுங்காலமாகியும் தேர்வாகாத வீரர்களின் மூத்தோர் வரிசையிலிருந்து ஷார்ப் ஒருவரை மட்டும் உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினீர்களே, அதுதான் குறை. அந்த அறிவிப்பு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, ஏப்ரல் 23 அன்று, 2024இல்தான் நீங்கள் தேர்ந்தெடுத்த மூத்த வீரர் ஸ்டீவ் மெக்மைக்கேல் இறந்துபோனார். வயது 67. இரண்டு செய்திகளையும் அடுத்தடுத்துப் படித்த ஒரு ரசிகனின் எரிச்சல்தான் இந்த மடல். மரியாதைக் குறைவாக ஏதாவது வந்து விழுந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுற்றி வளைக்காமல் கோரிக்கையை முதலிலேயே வைத்துவிடுகிறேன். மூத்த வீரர்களுக்குத் தனி வாக்கெடுப்பு நடத்துங்கள். ஒவ்வொருவருக்கும் அவரவர் ஆட்டத்தை மட்டும் வைத்து ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ சொல்லுங்கள். ஆண்டுக்கு மூன்று பேருக்காவது வழி விடுங்கள். அதையும் அவர்கள் எழுந்து நின்று நன்றி சொல்லக்கூடிய காலத்தில் செய்யுங்கள்.

மெக்மைக்கேலின் கதை உங்களுக்குத் தெரியாததல்ல. 1980இல் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அணி அவரைப் புது வீரர் தேர்வின் மூன்றாம் சுற்றில் எடுத்தது. மறு ஆண்டே வேண்டாம் என்று அனுப்பிவிட்டது. 1981இல் சிகாகோ பேர்ஸ் சேர்த்துக்கொண்டது. 1993 வரை அங்கேயே இருந்தார். இடையில் ஓர் ஆட்டத்தைக்கூட விடாமல் தொடர்ந்து 191 ஆட்டங்கள் ஆடினார். தற்காப்பு வரிசையின் நடுவே டிஃபென்ஸிவ் டேக்கில் என்ற இடத்தில் அது எப்படிப்பட்ட எண்ணிக்கை என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்த இடத்தில் நிற்பவர் ஒவ்வொரு முறையும் புல்லில் விரலை ஊன்றிக் குனிந்து, பந்து அசைந்த நொடியில் நூற்றைம்பது கிலோவை எட்டும் ஓர் உடம்போடு, சில சமயம் இரண்டு உடம்புகளோடு, முட்டிக்கொள்கிறார். பந்து பெரும்பாலும் வேறு எங்கோ போயிருக்கும். தொலைக்காட்சிக் கேமராவும் பந்தின் பின்னால் போயிருக்கும். இவர் மண்ணைத் தட்டிவிட்டு எழுந்து, அடுத்த முறைக்கு மறுபடி குனிவார். பதிமூன்று பருவங்கள் இப்படி.

அதற்கிடையிலும் பேர்ஸுக்காக அவர், பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்குகளை வீழ்த்திய கணக்கு 92.5 சாக். அந்த அணியின் வரலாற்றில் ரிச்சர்ட் டென்டுக்கு அடுத்த இடம். உள்வரிசையில் நிற்கும் ஆளுக்கு இது அபாரமான எண். 1985ஆம் ஆண்டு பேர்ஸ் பருவத்தில் பதினைந்து வெற்றி, ஒரே தோல்வி. அடுத்து வந்த பிளேஆஃப் என்ற வெளியேற்றச் சுற்று ஆட்டங்கள் இரண்டிலும் எதிரணிக்கு ஒரு புள்ளிகூட இல்லை. பிறகு 1986 ஜனவரியில் நியூ ஆர்லியன்ஸில் நடந்த இறுதிப் போட்டியான சூப்பர் பௌலில் 46-10 என்று யாரை நொறுக்கினார்கள்? மெக்மைக்கேலை வேண்டாம் என்று அனுப்பிய அதே பேட்ரியாட்ஸை. அன்று ஓடிக் கடந்த தூரமாகப் பேட்ரியாட்ஸ் சேர்த்தது மொத்தமே ஏழு யார்டு.

அவர் கடைசியாக ஆடியது 1994இல், கிரீன் பே பேக்கர்ஸுக்காக. ஐந்தாண்டுக் காத்திருப்பு விதி முடிந்து, 2000ஆம் ஆண்டுப் பட்டியலுக்கே அவர் தகுதி பெற்றுவிட்டார். நீங்கள் அவரைத் தேர்ந்தெடுத்தது 2024 பிப்ரவரியில். நடுவே அவருக்கு ஏ.எல்.எஸ். வந்துவிட்டது. 2021இல் அதை அவரே வெளியில் சொன்னார். அறிவு தெளிவாக இருக்க, தசைகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப்போகும் நோய் அது.

2024 ஆகஸ்ட் 3 அன்று கேன்டன் மேடையில் மற்றவர்கள் புகழ்க்கூடத்தின் அடையாளமான பொன்னிறக் கோட்டு அணிந்து பேசினார்கள். மெக்மைக்கேல் இலினாய் மாநிலம் ஹோமர் க்ளென்னில், தம் வீட்டில், கட்டிலில் கிடந்தார். குடும்பத்தாரும் பழைய அணித் தோழர்களும் சுற்றி நின்றார்கள். வெண்கல மார்பளவுச் சிலையைக் கட்டிலருகே கொண்டுவந்து திறந்து காட்டினார்கள். அவரால் அதைத் தொட முடியாது. தலையைத் திருப்ப முடியாது. ஒரு சொல் பேச முடியாது. இந்தக் காட்சி நேரலையில் அரங்கத்துத் திரையில் ஓடியது. பார்த்தவர்கள் அழுதார்கள், நீங்களும் அழுதிருப்பீர்கள். உங்கள் கண்ணீரை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் 2000க்கும் 2020க்கும் இடையில் ஏதாவது ஓர் ஆகஸ்டில் அந்தச் சிலையை அவரிடம் கொடுத்திருக்கலாமே என்று உங்களில் எத்தனை பேருக்குத் தோன்றியது?

மௌனமாக இருந்து பழகியவர் என்றால்கூட மனம் ஆறியிருக்கும். மெக்மைக்கேல் வாயை மூடத் தெரியாதவர். ஆட்டத்தை விட்ட பிறகு மல்யுத்த அரங்கில் ஏறிச் சவால் விட்டார், வானொலியில் பேசினார், ரோமியோவில் என்ற ஊரில் மேயர் பதவிக்குக்கூடப் போட்டியிட்டார். 2001 ஆகஸ்டில் ரிக்லி மைதானத்தில் பேஸ்பால் ஆட்டத்தின் ஏழாம் இன்னிங்ஸ் இடைவேளையில் பாடுவதற்காக அவரிடம் மைக்கைக் கொடுத்தார்கள். அவரோ பாடுவதற்கு முன்னால், தப்பாகத் தீர்ப்பு சொன்ன நடுவரை ஆட்டம் முடிந்ததும் கவனித்துக்கொள்வதாக அரங்கம் முழுக்கக் கேட்கும்படி அறிவித்தார். நடுவர் அவரை வெளியேற்றிவிட்டார். ஆட வராத ஒரு விருந்தாளி இப்படி வெளியேற்றப்பட்டது சிகாகோவில் இன்றும் சொல்லிச் சிரிக்கிற கதை. அப்படிப்பட்டவருக்குக் கேன்டன் மேடையில் மைக் கிடைத்திருந்தால் என்ன பேசியிருப்பார்! யாரையெல்லாம் வம்புக்கு இழுத்திருப்பார்! அந்த உரை நமக்குக் கிடைக்காமலே போய்விட்டது.

இது ஒரு மனிதரின் துரதிர்ஷ்டம் என்று நீங்கள் சொல்லலாம். 2021இல் வெளிவந்த மருத்துவ ஆய்வு ஒன்று அப்படிச் சொல்ல விடவில்லை. 1960 முதல் 2019 வரை தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லில் அறிமுகமான 19,000க்கும் மேற்பட்ட வீரர்களை எடுத்துக்கொண்டு ஆராய்ந்ததில், மற்ற ஆண்களைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு அதிகமாக இவர்களுக்கு ஏ.எல்.எஸ். வருவது தெரிந்தது. முட்டி மோதியே பிழைத்த இந்த உடம்புகளை நம்பி இருபது, முப்பது ஆண்டுகள் தள்ளிப்போட முடியாது. உங்கள் காத்திருப்போர் வரிசையோ இவர்கள் நூறாண்டு வாழ்வார்கள் என்ற நம்பிக்கையில் நகர்கிறது.

சரி, 2024இல் நடந்ததைப் பார்த்தாவது வரிசையை வேகப்படுத்தினீர்களா? நேர்மாறாகச் செய்தீர்கள். 2023இல் மூத்தோர் மூவர் உள்ளே போனார்கள்: ஜோ கிளெக்கோ, சக் ஹவ்லி, கென் ரைலி. 2024இல் ராண்டி கிராடிஷரும் மெக்மைக்கேலும். அடுத்த ஆண்டுக்கு விதியை மாற்றினீர்கள். மூத்த வீரர் மூவரையும், ஒரு பயிற்சியாளரையும், ஆட்டத்துக்குப் பங்களித்த ஒருவரையும் ஒன்றாகக் கொட்டி, ஐந்து பேரில் மூவருக்கு மட்டும் வாக்களிக்கச் சொன்னீர்கள். உள்ளே போக நூற்றுக்கு எண்பது வாக்கு வேண்டும்.

தேர்வாளர்கள் ஐம்பது பேர் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு மூன்று என்றால் மொத்தம் 150 வாக்கு. தேறுவதற்குத் தேவை 40. ஐந்து பேரும் சம தகுதி உள்ளவர்களாக இருந்து வாக்குகள் சமமாகப் பிரிந்தால் ஆளுக்கு 30 கிடைக்கும். ஐந்து பேரில் எவரும் எண்பது விழுக்காட்டை எட்ட மாட்டார். வேட்பாளர்கள் எவ்வளவு நல்லவர்களோ அவ்வளவுக்குத் தோல்வி நிச்சயம். இந்த விதியை யார் எழுதினாரோ, எழுதும்போது பக்கத்தில் ஒரு தாளில் கூட்டிக் கழித்துப் பார்த்தாரா?

அந்த முதல் ஆண்டில் யாரை யாரோடு மோத விட்டீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். லைன்பேக்கர் என்ற தற்காப்பு இடத்தில் ஆடிய மாக்ஸி பாகன், பயிற்சியாளர் மைக் ஹோம்கிரன், 1920இல் உங்கள் ஊரிலேயே தம் கார் ஷோரூமில் அணி உரிமையாளர்களைக் கூட்டி இந்த லீக்குக்கே பிள்ளையார் சுழி போட்ட ரால்ஃப் ஹே. ஹே இறந்தது 1944இல். அவருடைய பெருமை பெருமைதான். அதை ஒரு லைன்பேக்கரின் ஆட்டத்தோடு எந்தத் தராசில் நிறுத்தீர்கள் என்பதுதான் விளங்கவில்லை. விளைவு, இருவருமே வெளியில்.

இதே காலத்தில் இன்னொரு விதியும் மாறியது. ஓய்வுபெற்ற பயிற்சியாளர்களுக்கான காத்திருப்பை ஐந்தாண்டிலிருந்து ஓராண்டாகக் குறைத்தீர்கள். ஓரத்தில் கோடு தாண்டாமல் நின்று காதில் ஹெட்செட் மாட்டியிருந்தவர்கள் சீக்கிரம் வரட்டும். கோட்டுக்கு உள்ளே நின்று தலையால் முட்டியவர்கள் நிதானமாக வரட்டும். நல்ல நியாயம். பயிற்சியாளர்களுக்கு வயதாகிவிடும் என்று காரணம் சொல்வீர்கள். வீரர்களுக்கு வயது ஆகாதா?

தற்காப்பு வரிசைக்காரர்கள் உங்களிடம் எப்போதுமே சற்றுப் பிந்திதான் நினைவுக்கு வருகிறார்கள். காரணம் எளிது. சாக் என்பதே 1982இல்தான் அதிகாரபூர்வக் கணக்கில் ஏறியது. அதற்கு முன் ஆடியவர்கள் எத்தனை குவார்ட்டர்பேக்குகளைத் தரையில் சாய்த்திருந்தாலும் ஏடுகளில் வெறும் கோடு. எண் இல்லாதவனுக்கு வாதாட ஆள் கிடைப்பது அரிது.

எல்.சி. கிரீன்வுட்டை மறந்திருக்க மாட்டீர்கள். 1969இல் பத்தாம் சுற்றில் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் எடுத்த ஒல்லியான நெடும் ஆள். ஜோ கிரீன், டுவைட் வைட், எர்னி ஹோம்ஸ் ஆகியோரோடு ‘இரும்புத் திரை’யின் நாலாவது ஆளாக நின்றார். நான்கு சூப்பர் பௌல் வெற்றிகள். 1975 ஜனவரியில் மினசோட்டாவுக்கு எதிரான சூப்பர் பௌலில் ஃபிரான் டார்கென்டன் வீசிய பந்துகளைக் கையை உயர்த்தியே தட்டிவிட்டுக்கொண்டிருந்தார். அன்று மினசோட்டா ஓடிச் சேர்த்தது 17 யார்டு. பொன்னிறக் காலணி அணிந்து ஆடியதற்காக லீக் அவருக்கு அபராதம் போட்டது. 1991க்கும் 2006க்கும் இடையில் ஆறு முறை உங்கள் இறுதிச்சுற்று வரை வந்தார். பொன்னிறக் கோட்டு வரவில்லை. பிட்ஸ்பர்க்காரர்கள் ஏற்கெனவே நிறையப் பேர் உள்ளே இருக்கிறார்கள் என்ற பேச்சு அப்போது அடிபட்டது. நன்றாக ஆடிய அணியில் நன்றாக ஆடியது குற்றமாகிவிட்டது. 2013 செப்டம்பரில் சிறுநீரகச் செயலிழப்பால் இறந்துபோனார். இனி என்ன செய்தாலும் அவருக்குத் தெரியப்போவதில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். உங்கள் வழக்கத்தில் அது ஆள் போன பிறகு சிலை.

ஹாம்ப்டன், டென்ட், சிங்கிள்டரி ஏற்கெனவே உள்ளே இருக்கிறார்களே, 1985 பேர்ஸிலிருந்து இன்னும் எத்தனை பேர் என்ற கணக்கு மெக்மைக்கேல் விஷயத்திலும் ஓடியிருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. நிரூபிக்க வழியில்லை, உங்கள் விவாதங்கள் மூடிய அறைக்குள் நடப்பவை. அதைப் பற்றியும் சொல்ல நிறைய இருக்கிறது. வந்த வேலை அதுவல்ல.

நல்லதையும் சொல்லாமல் விடக்கூடாது. ஜோ கிளெக்கோ 1988இல் ஆட்டத்தை விட்டவர். தற்காப்பு வரிசையில் மூன்று வெவ்வேறு இடங்களில் ஆடி, மூன்றிலும் நட்சத்திர வீரர்களின் ஆட்டமான புரோ பௌலுக்குப் போனவர். முப்பத்தைந்து ஆண்டு கழித்துத்தான் என்றாலும், 2023இல் மேடையேறித் தம் வாயால் நன்றி சொன்னார். அது உங்களால் நடந்தது. தனி வாக்கெடுப்பு இருந்த ஆண்டில் நடந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆகவே மறுபடியும், இந்த முறை குரலைத் தணித்துக்கொண்டு, கேட்கிறேன். பயிற்சியாளர்களையும் பங்களிப்பாளர்களையும் மூத்த வீரர்களிடமிருந்து பிரித்துவிடுங்கள். மூத்தோர் மூவரையும் ஒருவரோடு ஒருவர் போட்டியிட வைக்காமல் தனித்தனியே வாக்குக்கு விடுங்கள். எண்பது விழுக்காடு என்ற வரம்பைக் குறைக்கச் சொல்லவில்லை. அதன் கௌரவம் அப்படியே இருக்கட்டும். நோயோடு போராடும் மூத்த வீரர் பட்டியலில் இருந்தால் அந்தத் தகவல் விவாதத்துக்கு முன்பே உங்கள் எல்லோர் மேசைக்கும் வரட்டும். சலுகை காட்டச் சொல்லவில்லை. தகுதி இருக்கிறது என்று நீங்களே ஒரு நாள் ஒப்புக்கொள்ளப்போகிறீர்கள் என்றால், அந்த நாளை முன்னால் கொண்டுவாருங்கள் என்கிறேன்.

இதற்குக் கட்டடம் கட்ட வேண்டாம், நிதி திரட்ட வேண்டாம். 2024 வரை உங்களிடமே இருந்த விதியைத் திரும்ப எடுத்தால் போதும். அடுத்து நீங்கள் விதிமுறைகளைப் பரிசீலிக்கும் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதை ஒரு பொருளாகச் சேர்க்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். எனக்குப் பதில் எழுதுவது கட்டாயமில்லை. வரிசையில் நிற்கும் வீரர்களுக்கு எழுதினால் போதும்.

இப்படிக்கு,
சிகாகோ புறநகரிலிருந்து ஒரு பேர்ஸ் ரசிகன்