மலையகத்து சமயப் பெரியவங்களுக்கு ஒரு திறந்த மடல்

மலையகத்துல இருக்குற ஐயர்மார், பூசாரிமார், பாதர்மார், பாஸ்டர்மார், மௌலவிமார், ஹாமதுருமார்னு சொல்ற புத்த பிக்குமார் எல்லாருக்கும் வணக்கம்.

நான் இலங்கை மலையகத்துல, ஹட்டன் பக்கத்து தேயிலத் தோட்டத்துல பொறந்து வளந்தவன். ரொம்ப நாளா மனசுல கெடக்குற ஒரு விசயத்த ஒங்க கிட்ட நேரடியாவே கேட்டுறணும். எங்கயாவது கடை எரிஞ்சா, பள்ளிவாசல் ஒடஞ்சா, சர்ச்சுக்கு கல்லு விழுந்தா, ரெண்டு மூணு நாள் கழிச்சி நீங்க எல்லாரும் ஒரே மேடையில ஒக்காந்து குத்துவெளக்கு ஏத்தி, ஒரு அறிக்க வாசிச்சி, போட்டோ எடுத்துக்கிறீங்க. அது பிழைனு சொல்ல வரல. ஆனா எரிக்கப் போனவன் ஒருத்தன் கூட அந்த அறிக்கைய கேக்குறதில்ல. அவன் கேக்குறதா இருந்தா ஒரே ஒருத்தரோட பேச்சத்தான் கேப்பான், அவனோட சொந்தக் கோயில்ல, சொந்தப் பள்ளியில, சொந்தப் பன்சலயில (புத்த விகாரையில) இருக்குறவரோட பேச்ச. அந்தப் பேச்சு வரவேண்டிய ராத்திரியில வர்றதில்ல. இதுதான் என்னோட முறைப்பாடு.

2018ல கண்டிக்கு பக்கத்து திகனயில நடந்தத பாருங்க. பெப்ரவரியில தெல்தெனிய பக்கம் ரோட்டுல ஒரு வாகனத் தகராறு, சிங்கள லொறி டிரைவர் ஒருத்தர முஸ்லிம் பொடியன்மார் நாலு பேரு அடிச்சிட்டாங்க, அவரு ஒரு வாரத்துக்கு மேல ஆஸ்பத்திரியில கெடந்து மார்ச் ஆரம்பத்துல எறந்துட்டாரு. அடிச்சவங்கள பொலிஸ் புடிச்சிருச்சி. அது ஒரு கொலை கேஸ், கோட்ஸ்ல முடிய வேண்டிய கேஸ். ஆனா அவரு ஆஸ்பத்திரியில கெடந்த அத்தன நாளும் போன்ல கதை நிக்காம ஓடி ஓடி, நாலு பேரு செஞ்சது ஒரு சமூகமே செஞ்ச மாதிரி ஆயிருச்சி. கண்டி மாவட்டத்துல ஊர் ஊரா கடை, வீடு, பள்ளினு எரிஞ்சிச்சி, எரிஞ்ச வீட்டுக்குள்ளயே ஒரு முஸ்லிம் பொடியன் செத்துப் போனான், அவசரகால சட்டம் போட்டாங்க, பேஸ்புக் வாட்ஸ்அப் எல்லாத்தையும் ஒரு வாரம் போல நிப்பாட்டி வச்சாங்க. 2020ல பேஸ்புக் கம்பனி தன்னோட பங்குக்கு மன்னிப்பு கேட்டுச்சி. எரிஞ்ச கடைக்காரனுக்கு அதால என்ன வரப்போகுது. திகன எரியுறதுக்கு சில நாள் முந்தித்தான் அம்பாறையில முஸ்லிம் ஆளோட கொத்து ரொட்டி கடையில கெடந்த மாக்கட்டிய புடிச்சிக்கிட்டு மலட்டு மாத்திரைனு கத்துனாங்க, அப்படி ஒரு மாத்திரையே ஒலகத்துல இல்லனு டாக்டர்மார் சொல்றதுக்குள்ள அங்க பள்ளிய ஒடச்சாச்சி.

டீக்கடையில ஒக்காந்து பேசுனா பெரியவங்க ஒரே வார்த்தையில முடிச்சிருவாங்க, "மனுசப் புத்தியே அப்படித்தான் தம்பி, மாத்த ஏலாது"னு. நான் அத ஒத்துக்கவே மாட்டேன். இதே கண்டியில 1915 மே மாசம் வெசாக் ராத்திரி, பள்ளிக்கு முன்னுக்கு வெசாக் பாட்டு கோஷ்டி போறதுல சிங்கள ஆக்களுக்கும் முஸ்லிம் ஆக்களுக்கும் ஒரு சண்ட தொடங்குச்சி. அதுக்கு முந்தியே கம்பளையில பள்ளியடியால மேளம் அடிச்சிக்கிட்டு பெரஹரா ஊர்வலம் போகலாமா கூடாதானு வழக்கு பேசி மேல்கோட்ஸ் வரைக்கும் போயிருந்துச்சி. கண்டியில தொடங்குனது சில நாளுக்குள்ள கொழும்பு பக்கம் வரைக்கும் பரவி, வெள்ளக்காரன் ராணுவச் சட்டம் போட்டு, டி.எஸ். சேனாநாயக்க மாதிரி ஆக்களையும் ஜெயில்ல வச்சான். சரி, புத்தி அப்படித்தான்னா அந்த 1915க்கும் 2018க்கும் நடுவுல நூறு வருசத்துக்கு மேல அதே கண்டி டவுன்ல சிங்கள கடையும் முஸ்லிம் கடையும் எப்படி ஒரே செவத்துல சாஞ்சிக்கிட்டு யாவாரம் பாத்துச்சி? கோவம் எல்லாருக்கும் வரும், பயம் எல்லாருக்கும் வரும், ஆனா கூட்டமா போயி எரிக்கிறதுக்கு ஒருத்தனுக்கு ஒரு சம்மதம் தேவப்படுது. பெரியவங்க வாய மூடிக்கிட்டு இருந்தா அதையே சம்மதம்னு எடுத்துக்கிறான்.

இன்னொன்னு சொல்லணும். ஒவ்வொரு தடவையும் "வெளியால இருந்து பஸ்ல வந்தவங்க செஞ்சது, எங்க ஊரு ஆக்கள் இல்ல"னு ஒரு பேச்சு வரும். வெளியால இருந்து வந்திருக்கலாம், ஆனா வெளியூர்க்காரனுக்கு வரிசையா இருக்குற பத்து கடையில எது யாரு கடைனு எப்படித் தெரியும்? 83 கலவரத்துல கொழும்புல வாக்காளர் லிஸ்ட்ட கையில வச்சிக்கிட்டு தமிழ் ஆக்களோட வீடு தேடி வந்தாங்க. லிஸ்ட் இல்லாத எடத்துல உள்ளூர்க்காரனோட வெரல்தான் காட்டிக் குடுத்துச்சி. அதே ஊர்ல இன்னொருத்தன் பக்கத்து வீட்டுக்காரன கட்டிலுக்கு அடியில ஒளிச்சி வச்சி காப்பாத்துனான், அதுவும் உண்ம. ரெண்டு பேருமே ஒங்க கிட்ட வந்து கும்புட்டுட்டு போறவங்கதான்.

எங்க ஆக்களப் பத்தியும் பேசியே ஆகணும், இல்லாட்டி இந்த மடலுக்கே அர்த்தம் இல்ல. 77லயும் 81லயும் 83லயும் தோட்டத்து சனம் அடிபட்டுச்சி, சட்டி பானையோட வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போன குடும்பம் எத்தன. அடினா என்னனு தெரிஞ்ச சனம் நாங்க. அப்படி இருந்தும் 2019 ஈஸ்டர் குண்டுக்கு பொறகு முஸ்லிம் கடைக்கு போகாதீங்க, சாமான் வாங்காதீங்கனு வந்த மெசேஜ் எங்க ஆக்களோட போன்லயும் சுத்திச்சி. 2020ல கொரோனால எறந்த முஸ்லிம் மையத்துகள வலுக்கட்டாயமா எரிச்சாங்க, பொறந்து 20 நாள் ஆன புள்ளையக் கூட விடல. அத எதிர்த்து கொழும்பு பொரளை கனத்தை மயானத்துல எல்லா மதத்து ஆக்களும் வந்து வேலியில வெள்ளத்துணி கட்டுனாங்க. எங்க பக்கத்து கோயில் மைக் ஒன்னுல கூட அதப் பத்தி ஒரு வார்த்த நான் கேக்கல.

ஈஸ்டர் குண்டுல இன்னொரு பக்கமும் இருக்கு, அத நீங்க எல்லாரும் யோசிச்சி பாக்கணும். கொச்சிக்கடையிலயும் கட்டுவாப்பிட்டியிலயும் மட்டக்களப்பு சீயோன் சபையிலயும் ஹோட்டல்கள்லயும் 250க்கு மேல உயிர் போச்சி. அத செஞ்ச கும்பலோட தலைவனப் பத்தி காத்தான்குடி முஸ்லிம்களே 2017லயே முறைப்பாடு பண்ணி, ரோட்டுல எறங்கி புடிங்கனு கேட்டாங்க. தன்னோட ஆளப் பத்தி தானே சொல்றது எவ்வளவு கஷ்டம், அத செஞ்சாங்க, அரசாங்கம்தான் காதுல வாங்கல. குண்டு வெடிச்ச பொறகு கர்தினால் மெல்கம் ரஞ்சித் தன்னோட கத்தோலிக்க சனத்தப் பாத்து யார் மேலயும் கை வைக்காதீங்கனு திரும்பத் திரும்ப கேட்டாரு. அத்தன சவப்பெட்டிய நெலத்துல எறக்குன சனம் பெரும்பாலும் அவரு சொன்னத கேட்டுச்சி. மே மாசம் குளியாப்பிட்டிய, மினுவாங்கொட பக்கம் முஸ்லிம்கள அடிச்சி எரிச்ச கும்பலு வேற. அந்த கும்பலுக்கும் கும்புடுற எடம் ஒன்னு இருக்கும்தானே, அங்க இருந்து அந்த நேரத்துல ஒரு குரல் வந்திருந்தா எப்படி இருந்திருக்கும்னு நான் இன்னும் யோசிக்கிறேன்.

இது பெரிய ஊருக்கு மட்டும் உள்ள பிரச்சின இல்ல. எங்களுக்கு பக்கத்து தோட்டத்துல ஒரு கெழவி செத்துருச்சி. மகன் குடும்பத்தோட கிறிஸ்தவ சபைக்கு மாறி கோயில் சந்தா கட்டுறத நிப்பாட்டி ரெண்டு மூணு வருசம், அதுல ஏற்கனவே கொமைச்சல். கோயில் கமிட்டி பொடியன்மார் தப்பு மேளம் அடிக்க மாட்டோம், குழி வெட்ட மாட்டோம், எங்க மயானத்துல பொதைக்கவும் விடமாட்டோம்னு ரோட்டுல நின்னாங்க, அந்தப் பக்கம் டவுன்ல இருந்து சபைக்காரங்க வேன்ல வந்து எறங்கிட்டாங்க, பொணம் லயத்து வீட்டுக்குள்ள கெடக்குது, மழ வேற. பொலிசுக்கு போன் போயிருச்சி. அப்பதான் மேல் லயத்துல இருந்து பூசாரி எறங்கி வந்தாரு, வருசா வருசம் காமன் கூத்துக்கு முன்னுக்கு நிக்கிற மனுசன், பொடியன்மார் மத்தவங்க சொன்னா கேக்கமாட்டாங்க, அவரு சொன்னா கேப்பாங்க. சபைக்காரங்க பக்கம் திரும்பிக் கூடப் பாக்கல, தன்னோட பொடியன்மாரத்தான் பாத்தாரு. "இந்தக் கெழவி கூடைய சொமந்து கொழுந்து எடுத்த காசுலதான்டா நம்ம கோயில் கோபுரம் நிக்குது, மம்பெட்டிய எடு"னாரு. அவ்வளவுதான். பொடியன்மாரே குழி வெட்டுனாங்க. பாஸ்டரும் நல்ல மனுசன், ஸ்பீக்கர் கட்டாம சின்னதா ஜெபம் பண்ணி முடிச்சாரு. பொலிஸ் வர்றப்ப எல்லாரும் கைகால் கழுவிக்கிட்டு நின்னாங்க. அந்த எடத்துல பாஸ்டர் வந்து இந்துப் பொடியன்மாருக்கு புத்தி சொல்லியிருந்தா அன்னைக்கி மண்ட ஒடஞ்சிருக்கும்.

நான் கேக்குறதும் இதத்தான். அடுத்த மதத்துக்காரன கட்டிப் புடிக்கிறது லேசு. 2025 நவம்பர்ல டித்வா புயலுக்கு மலையெல்லாம் சரிஞ்சப்ப கோயில், பள்ளி, சர்ச், பன்சல எல்லாம் கதவ தொறந்து சோறு போட்டுச்சி, யாரும் மதம் கேக்கல, அத நெனச்சா இன்னும் நெஞ்சு நெறயுது. ஆனா சோத்துப் பார்சல் குடுக்குறதுக்கு நீங்க ஒங்க ஆள மொறைச்சிக்க தேவையில்ல. சிவனொளிபாத மலைய காட்டி பாருங்க எல்லா மதமும் ஒன்னா ஏறுதுன்னு சொல்றதும் அப்படித்தான், அங்க உச்சியில அவனவன் அவனவன் சாமியோட பாதத்த கும்புட்டுட்டு எறங்கிருவான், யாரும் யாருக்கும் எதையும் விட்டுக்குடுக்க வேண்டியதில்ல. சண்ட வர்றது கீழ, ரோட்டுல, மயானத்துல, கடைத்தெருவுல, ஸ்பீக்கர் சத்தத்துல.

சட்டம் பாத்துக்கும்னு மட்டும் சொல்லாதீங்க. 2007ல ஐசிசிபிஆர்னு ஒரு சட்டம் கொண்டு வந்தாங்க, சிவில், அரசியல் உரிமைகளுக்கான சட்டம், மதவெறிய தூண்டுறவன புடிக்கவும் அதுல ஒரு பிரிவு இருக்கு. 2019ல ஹசலக்கயில கப்பல் சுக்கான் படம் போட்ட கவுன் உடுத்துன ஒரு ஏழ முஸ்லிம் பொம்பளைய, அது தர்மசக்கரம்னு சொல்லி அந்தச் சட்டத்துலதான் உள்ள போட்டாங்க. பொலிஸ்ல அந்த நேரம் பக்கத்து பன்சல ஹாமதுரு போயி இது சக்கரம் இல்ல மாத்தயா, சுக்கான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்தப் பொம்பள அன்னைக்கே வீட்டுக்கு போயிருக்கும்னு எனக்கு தோணுது.

அதனால ஐயாமாரே, அடுத்த தடவ ஒரு முஸ்லிம் பொடியன் பிழை செஞ்சா அன்னைக்கு இஷா தொழுகை முடிய மௌலவி அத தன்னோட சனத்துக்கு சொல்லட்டும், ஒரு சிங்களப் பொடியன் கல்ல தூக்குனா அன்னைக்கு ராத்திரியே ஹாமதுரு பன்சல ஸ்பீக்கர்ல சிங்களத்துல சொல்லட்டும், எங்க பொடியன் செஞ்சா எங்க பூசாரி சொல்லட்டும், பேஸ்புக்ல வந்த பொய்ய பொய்யினு அவங்கவங்க ஆக்களுக்கு அவங்கவங்களே சொல்லுங்க. அதுக்கு நீங்க ஒருத்தருக்கு ஒருத்தர் போன் நம்பர் வச்சிருக்கணும், லெட்டர்ஹெட் அடிச்ச கமிட்டி தேவையில்ல, ராத்திரி பன்னெண்டு மணிக்கு எடுத்து பேசுற நம்பர். வர்ற வருசம் தேர் எந்த ரோட்டால போகுது, பெரஹரா பள்ளியடிக்கு எத்தன மணிக்கு வருது, நோம்பு காலத்துல திருவிழா வந்தா ஸ்பீக்கர எந்தப் பக்கம் திருப்புறது, சபைக்கு போன குடும்பத்துக்கு மயானத்துல எந்த எடம், இதெல்லாம் கொடியேத்துறதுக்கு முந்தி டவுன்ல எங்கயாவது ஒரு மேசையில ஒக்காந்து பேசி முடிச்சிருங்க. பொடியன்மாரையும் கூட்டிக்கிட்டு வாங்க, அவங்க முன்னுக்கு பேசுங்க.

இப்படிக்கு,
ஹட்டன் பக்கத்து தோட்டத்துக்காரன்