கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்தேன்

எடிசன், நியூ ஜெர்சி

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருப்பது நிம்மதி. ஆட்டிசம் உள்ள பிள்ளையை மற்றவர்களோடு உட்காரவைத்து என்னதான் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கேட்டிருந்தாய். நீயும் ஆசிரியை என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

சின்னவன் வகுப்பில் இரண்டு ஆசிரியைகள். ஒருவர் பாடம் நடத்துகிறார். சிறப்புக் கல்வி படித்த இன்னொருவர் இவனையும் இவனைப் போன்ற சிலரையும் கவனிக்கிறார். யார் என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் ஐ.இ.பி. என்ற தனிநபர் கல்வித் திட்டத்தில் இருக்கிறது. 'முன்னேற்றம் தேவை' என்று எழுதித் தப்பிக்க அதில் வழியில்லை. கணக்கு நோட்டை மூடிவிட்டு வாசிப்புக்கு வரச் சொன்னால், மேசையில் ஒட்டியுள்ள பட அட்டையைப் பார்த்து, 5 முறையில் 4 முறையாவது 2 நிமிடத்துக்குள் அவன் மாற வேண்டும். இது ஓர் இலக்கு. ஆசிரியை அதைக் குறித்துக்கொண்டே வருகிறார். தீ விபத்து ஒத்திகை இங்கே மாதாமாதம் உண்டு. மணி அடிக்கும் முன்பே அவனிடம் சொல்லி, காதுக்கு ஹெட்போன் மாட்டிவிட வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. முன்பெல்லாம் அந்தச் சத்தத்துக்கு மேசைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வான்.

இதெல்லாம் இவர்களுடைய தாராள மனம் என்று நினைத்துவிடாதே. ஒரு காலத்தில் இங்கேயும் இத்தகைய பிள்ளைகளைச் சேர்க்காமல் திருப்பி அனுப்பியவர்கள்தாம். பெற்றோர்கள் நீதிமன்றப் படியேறிய பிறகு 1975-இல் சட்டம் வந்தது. திட்டத்தை ஆண்டுக்கு ஒரு முறையாவது கூடி ஆராய வேண்டும். வகுப்பிலிருந்து பிள்ளையை வெளியே அழைத்துப் போவதாக இருந்தால் எவ்வளவு நேரம், ஏன் என்று எழுத வேண்டும். பெற்றோரும் அந்தக் குழுவில் உறுப்பினர்கள்.

முதல் கூட்டத்தில் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டார்கள். சண்டை போடுகிற அளவுக்கு ஆங்கிலம் வந்துவிட்டது, வேண்டாம் என்றேன். அது உதவியது. பேச்சுப் பயிற்சி வாரத்துக்கு ஒரு தடவை, அதுவும் கும்பலோடு கும்பலாக என்று எழுதியிருந்தார்கள். தனியாக இன்னொரு தடவை கேட்டதற்கு ஆள் பற்றாக்குறை என்றார்கள். பிள்ளைக்கு என்ன தேவையோ அதைத்தான் எழுத வேண்டும், உங்களிடம் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை அல்ல என்று சொல்லிவிட்டு, கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்தேன். முதல் திட்டம் பெற்றோர் சம்மதமில்லாமல் நடைமுறைக்கு வராது. உன் மாப்பிள்ளைக்கு வியர்த்துவிட்டது. அடுத்த கூட்டத்தில் நான் கேட்டது கிடைத்தது. கேட்கத் தெரியாத வீட்டுப் பிள்ளைக்கு என்ன கிடைத்திருக்கும் என்பதுதான் எனக்கு இன்னும் உறுத்தல்.

உன் வகுப்பில் கடைசி வரிசையில் உட்காரும் பையனைப் பற்றி எழுதியிருந்தாயே, வட்டார வள மையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநர் வருகிறாரா? வந்தால் அவனோடு எவ்வளவு நேரம் இருக்கிறார்? பட அட்டைகளைப் படம் எடுத்து அனுப்புகிறேன். சார்ட் அட்டையில் நீயே செய்துவிடலாம்.

அத்தானுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உன் தங்கை