ஆலாவும் தட்டானும்

அன்புள்ள செல்வா,

ஜூனில் வந்த கடிதத்துக்கு ஐப்பசியில் பதில் போடுகிறேன், திட்டாதே. முழங்கால் வலி, பேத்தியின் காதுகுத்து என்று நாள் ஓடிவிட்டது. இங்கிலாந்தின் ஃபார்ன் தீவில் ஆர்க்டிக் ஆலா என்ற கடற்பறவை உன் வழுக்கையில் கொத்தியதை வாசித்துக் காட்டினேன். வீடே சிரித்தது. கூட்டுக்குப் பக்கத்தில் போனால் சும்மா விடுமா?

ஆனால் "இதைப்போல் ஒரு பயணி உலகத்திலேயே கிடையாது" என்று எழுதியிருந்தாயே, அங்கேதான் இடிக்கிறது. நூறு கிராம் எடைதான். துருவம் விட்டுத் துருவம் போய்த் திரும்ப வருடத்துக்குச் சுமார் 70,000 கிலோமீட்டர் பறக்கிறது, சரி. நீ நின்ற அதே தீவுகளில் 1982 கோடையில் வளையம் மாட்டிய குஞ்சு, அந்த அக்டோபரிலேயே மெல்போர்னில் அகப்பட்டதும் தெரியும்.

இங்கே போன வாரம் முழுக்கத் தட்டான் கூட்டம். பள்ளிக்கூட மைதானத்தில் பிடித்து வாலில் நூல் கட்டுவோமே, அந்த மஞ்சள் தட்டான்தான். அரை கிராம்கூட இருக்காது. அது கடல் தாண்டி ஆப்பிரிக்கா போகிறதாம்! மாலத்தீவில் இருந்த சார்லஸ் ஆண்டர்சன் என்ற கடல் உயிரியலாளர், அக்டோபரானால் ஆயிரக்கணக்கில் வந்து இறங்குவதைக் கவனித்திருக்கிறார். முட்டையிட அங்கே குளம் குட்டை ஏது? அப்படியென்றால் வெளியிலிருந்துதான் வரவேண்டும். இந்தியாவிலிருந்து கிளம்பி, வாடைக்காற்றின் முதுகில் ஏறி, மாலத்தீவு, செஷல்ஸ் வழியாகக் கிழக்கு ஆப்பிரிக்கா போகின்றன என்று 2009இல் எழுதினார். திரும்புவது தென்மேற்குப் பருவக்காற்றோடு.

ஆலாவின் காலில் 1.4 கிராம் கருவியைக் கட்டி வழியைப் பதிந்துவிட்டார்கள். தட்டானுக்கு அந்தக் கருவியே நான்கைந்து தட்டான் கனம். அதனால் இறக்கையிலுள்ள ஹைட்ரஜனைச் சோதித்துத்தான் (பிறந்த ஊர்த் தண்ணீரின் அடையாளம் அதில் இருக்குமாம்), மாலத்தீவில் பிடித்தவை வட இந்தியாவிலோ அதற்கும் வடக்கிலோ பிறந்தவை என்று கண்டார்கள்.

நான் தட்டான் கட்சியிலேயே இருப்பதற்குக் காரணம் வேறு. உன் ஆலா முப்பது வருடம்கூட இருக்கும்; வருடாவருடம் அதே பறவைதான் போய்வரும். தட்டான் போன இடத்து மழைக்குட்டையில் முட்டையிட்டுச் செத்துப்போகிறது. ஒன்றரை மாதத்தில்கூட அடுத்த தலைமுறை இறக்கை விரித்துவிடும். இந்தப் பக்கம் திரும்புவது பேரனோ கொள்ளுப்பேரனோ. முன்பின் பார்க்காத ஊருக்கு, கூட்டிப்போக ஆள் இல்லாமல்! நாம் நூல் கட்டியதெல்லாம் ஆப்பிரிக்கா கிளம்பியவையோ என்று நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது.

நேற்று ராத்திரி நல்ல மழை. காலையில் மொட்டைமாடியில் பார்த்தேன், ஒரு தட்டான்கூட இல்லை.

மண்டைக் காயம் ஆறியதா, எழுது. அடுத்த முறை தொப்பி போட்டுக்கொண்டு போ.

உன்,
மணி