வேட்பாளரிடம் நாம் கேட்காத கேள்வி

25 மார்ச் 2024

அன்புள்ள லூர்து,

இங்கே எல்லாரும் நலம். பெரியவன் பிளஸ் டூ பரீட்சை முடித்துவிட்டான். அம்மா உன்னைக் கேட்டார்கள். சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன்னிடம் கொட்டாமல் எனக்கு மனசு ஆறாது.

நேற்று குருத்து ஞாயிறு பூசை முடிந்து நம் கோயில் நிர்வாகக் குழுவான பங்குப்பேரவை கூடியது. வாக்கு கேட்டு வருகிறவர்களிடம் என்ன கோரிக்கை வைப்பது என்று பேச்சு. கோயில் சாலை, சிறுபான்மையினர் பாதுகாப்பு என்று எழுதிக்கொண்டே போனார்கள். தலித் கிறிஸ்தவர்களுக்கு எஸ்.சி. உரிமை என்பதையும் சேர்க்கச் சொன்னேன். "அது அவங்க பிரச்சினை, நாம எதுக்கு?" என்றார் ஒருவர். யாரென்று உனக்கே தெரியும். கால்பந்திலும் யாருக்கும் பந்தைக் கொடுக்காத ஆள்தான்!

அவங்க யார், லூர்து? நம் பக்கத்தில் முழந்தாள்படியிட்டு நற்கருணை வாங்குகிறவர்கள்.

இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினர் என்றது 1950 குடியரசுத் தலைவர் ஆணை. 1956-ல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990-ல் பௌத்தரை. கிறிஸ்தவரும் முஸ்லிமும் இன்றும் வெளியேதான். நம் மாநிலத்தில் பி.சி. பட்டியலில் இடம் உண்டு. ஆனால் சாதியைச் சொல்லி அடித்தால் வன்கொடுமைச் சட்டம் துணைக்கு வராது. விழுப்புரம், சிதம்பரம் உட்பட பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கிய 7 நாடாளுமன்றத் தனித்தொகுதிகளில் ஒன்றில்கூட நிற்க முடியாது.

சூசை என்ற தலித் கிறிஸ்தவர் சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்தவர். இந்துவாக இருந்த தொழிலாளர்களுக்கு அரசு இலவசப் பெட்டிக்கடை கொடுத்தது, அவருக்கு இல்லை. உச்ச நீதிமன்றம் வரை போனார். மதம் மாறிய பிறகும் அதே கொடுமை அதே அளவில் தொடர்கிறது என்பதற்கு ஆதாரம் போதாது என்று 1985-ல் மனுவைத் தள்ளிவிட்டார்கள். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித்துகளைப் பிரித்து நின்ற சுவரைவிட வேறென்ன ஆதாரம் வேண்டும்?

"கிறிஸ்தவத்தில் சாதி இல்லையே, அப்புறம் எப்படிக் கேட்பது?" என்று முன்பு வாதாடினாய். வேதத்தில் இல்லை, நம் தெருவில் இருக்கிறது. அதை ஒழிக்கும் வேலையும் நம்முடையதுதான். அது முடியும்வரை அவர்கள் உரிமை காத்திருக்க வேண்டும் என்று சொல்ல நமக்கு என்ன தகுதி?

2002-ல் மதமாற்றத் தடைச் சட்டம் வந்தபோது ஆயர்கள் முதல் நம் பாட்டிமார் வரை ஒன்றாக எதிர்த்தோம். 2004 நாடாளுமன்றத் தேர்தலில் தோற்றதும் ஜெயலலிதா அரசே அதைத் திரும்பப் பெற்றது. வாக்குக்கு அந்த வலு உண்டு. இந்த உரிமைக்காக மட்டும் நாம் அப்படித் திரண்டதே இல்லை. மத்திய அரசு அமைத்த மிஸ்ரா ஆணையம் 2007-லேயே மதத் தடையை நீக்கச் சொன்னது. போன ஏப்ரலில் நம் சட்டமன்றமும் இந்த உரிமையைக் கேட்டுத் தீர்மானம் போட்டது. முடிவு தில்லியில். அங்கே போகப்போகிறவரிடம்தானே கேட்க வேண்டும்?

ஏப்ரல் 19 வாக்குப்பதிவு. ஈஸ்டருக்கே வந்துவிடு. வேட்பாளர் அந்த வாரம் வருகிறாராம். "இதை நாடாளுமன்றத்தில் எழுப்புவீர்களா?" என்று கோயில் வாசலில் எல்லார் முன்னாலும் கேட்க வேண்டும். உன் குரல்தான் கடைசி வரிசைவரை கேட்கும்.

உன்,
ஆரோக்கியம்