முற்றத்துப் புல்

ஸ்காபரோ,
கார்த்திகை 14

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் இங்க நல்ல சுகம். நீங்களும் அப்பாவும் தங்கச்சியும் சுகமாயிருக்க நல்லூரானை வேண்டுறன்.

கொடிகாமத்து மாமா கொண்டுவந்த பார்சலில, தூள் சரைக்கும் பினாட்டுக்கும் நடுவில உங்கட கடிதம் இருந்தது. தும்மித் தும்மித்தான் வாசிச்சன். நாலு மாதமா ஒழுங்காக் கதைக்கேல்லை எண்டு எழுதியிருந்தியள். பிழை என்னிலதான். கோடையில வேலையால வர இரவு எட்டு மணி, உங்களுக்கு விடியப்புறம் அஞ்சரை. எழுப்ப மனமில்லை. அதோட அப்பா பக்கத்தில நிக்கேக்க நீங்களும் எல்லாத்தையும் கதைக்க மாட்டியள். மாமா திரும்பி வரேக்க இதைக் குடுத்து விடுறன்.

என்ன வேலை எண்டு அப்பா கேட்டபடி எண்டியள். தோட்டவேலை எண்டால் வெங்காயம், புகையிலை எண்டு நினைப்பார். இது புல்லு வேலை. எங்கட முற்றத்தில ஒரு புல்லு முளைச்சால் நீங்கள் உழவாரத்தோட நிப்பியள், புல்லு நிண்டால் ஆளில்லா வீடு எண்டு அப்பாச்சி சொல்லுவா. இங்க மண் தெரிஞ்சால்தான் வெக்கம். பசளை போட்டு, தண்ணி விட்டு வளர்த்து, பேந்து கிழமைக்குக் கிழமை எங்களைக் கூப்பிட்டு வெட்டுவிக்கினம். வளரவிட்டால் சும்மா விடமாட்டினம்: ரொறன்ரோவில 20 சென்ரிமீற்றருக்கு மேல போனால் நகரசபை கடிதம் போடும். அதுக்கும் வெட்டாட்டி தானே வெட்டிப்போட்டு வீட்டுக்காரருக்குப் பில் அனுப்பும்.

சித்திரையில ஸ்னோ கரைய, செத்த புல்லை வாரி எடுத்து, மெஷினால நிலம் முழுக்கச் சின்னச் சின்னத் துளை போட்டு விதை தூவுவம். வெட்டேக்க ஒட்ட வெட்டக்கூடாது, மூண்டில ஒரு பங்குதான். ஒட்ட வெட்டினால் வெயிலுக்கு வேர் காய்ஞ்சு, களைக்கு இடம் விட்டிடும். முதல் வருஷம் வெட்டின புல்லைப் பைபையாக் கட்டேக்க கை கூசினது. எங்கட சிவலை மாட்டுக்கு ஒரு மாதத்துக்குக் காணும்.

ஆவணியில ஒரு வீட்டில புல்லை இழுத்தன், பாய் சுருட்டின மாதிரி அப்பிடியே எழும்பி வந்திட்டுது. கீழ எருக்கிடங்கில கிடக்கிறமாதிரி வெள்ளைப் புழு, சுருண்டு சுருண்டு. வேர் முழுக்கத் திண்டு போட்டுது. இரவில ஸ்கங் எண்ட நாத்தம் பிடிச்ச மிருகம் வந்து அந்தப் புழுவுக்காக முற்றத்தையே உழுது போடும். மருந்து அடிக்கேலாது. வீட்டுப் புல்லுக்குக் களைநாசினி, பூச்சி மருந்து அடிக்கிறதை ஒன்ராறியோவில 2009 இலேயே நிப்பாட்டிப் போட்டினம். அதாலை கண்ணுக்குத் தெரியாத இன்னொரு புழுவை வாங்கித் தண்ணியில கலந்து, பின்னேரத்தில ஈர மண்ணுக்கு விடுறம். அது போய் இதைக் கொல்லும். அப்பாவுக்குச் சொல்லுங்கோ, சிரிப்பார்.

மருந்தில்லாததால வைகாசியில முற்றமெல்லாம் மஞ்சள் பூ. வூட்பிரிட்ஜில நான் போற ஒரு வீட்டில இத்தாலி ஆச்சி ஒருத்தி, அந்தப் பூச்செடியைப் பிடுங்க விடமாட்டா. இலையை ஆஞ்சு அவிச்சு, ஒலிவ் எண்ணெயும் உள்ளியும் போட்டுச் சாப்பிடுறா. பக்கத்து வீட்டுக்காரனுக்கு அது பஞ்சாய்ப் பறந்து தன்ர பக்கம் விழுகுதெண்டு ஒரே எரிச்சல். அவனுக்கும் நான்தான் புல்லு வெட்டுறன், ரெண்டு பக்க வழக்கும் என்னட்டைத்தான். ஆச்சி எனக்கும் ஒரு பை தந்தா. தேங்காய்ப்பூப் போட்டு வறை வறுத்தன். கைப்பெண்டால் அப்பிடியொரு கைப்பு. ஆனால் சட்டி காலி. இங்க பேஸ்மென்ரில நாங்கள் நாலு பேர், எல்லாருக்கும் வேற வேற நேர வேலை. அதால சமையலும் சாப்பாடும் எனக்கு என்ர வசதிக்குத்தான், சண்டையில்லை.

இப்ப சருகு வாரி முடியுது. சருகெல்லாம் கடதாசிப் பையிலதான் போடவேணும். புல்லுக்குத் தண்ணி தெளிக்கிற குழாயில காத்தடிச்சுத் தண்ணியை வெளியேத்துறம், இல்லாட்டி உறைஞ்சு வெடிச்சிடும். சின்ன மரங்களுக்குச் சாக்குச் சுத்திக் கட்டுறம். இனிப் பங்குனி வரைக்கும் புல்லு வேலை இல்லை. ஸ்னோ கொட்டினால் வழிக்கக் கூப்பிடுவினம். கொட்டத்தானே வேணும், நீங்கள் அதைப்பற்றி யோசிக்க வேண்டாம். படத்தில விரல் வெறுமையாக் கிடக்கு, மோதிரம் எங்கை எண்டு கேட்டிருந்தியள். மெஷினில மாட்டுப்படும் எண்டு கழட்டி வச்சிருக்கிறன்.

போன சனி ஆச்சி வீட்டில கடைசி வேலை. அவவிட்ட ஒரு அத்திமரம் நிக்குது, கோயிலடி அத்தி இல்லை, பழம் பெருசு. ஊரில இருந்து வரேக்க பைக்குள்ள கொண்டுவந்த தடியாம். இந்தக் குளிரைத் தாங்காது. அதால வருஷா வருஷம் அதைத் தாட்டு வைக்கினம். ஒரு பக்க வேரை வெட்டி, கொப்புகளைக் கயித்தால வரிஞ்சு கட்டி, மெல்லச் சரிச்சுக் கிடங்குக்க படுக்க வைச்சன். மேல பலகை, சருகு, பேந்து மண். ஆச்சி முழங்காலில இருந்து உள்ளங்கையால மண்ணைத் தட்டித் தட்டி இறுக்கினா, நீங்கள் தங்கச்சியை நித்திரையாக்கிற மாதிரி. சித்திரையில வா, எழுப்புவம் எண்டா. கனடாவுக்கு வந்து எத்தனை வருஷம் எண்டு கேட்டன். அறுபத்தொண்டாம்.

வேலை வான் வண்டிக்க வந்து கொஞ்ச நேரம் இருந்தன். இந்தக் காத்துக்கு எல்லாருக்கும் கண் கலங்கும்.

அம்மா, இப்ப அங்க மாரி துவங்கியிருக்கும். முதல் மழைக்குப் பிறகு நீங்கள் கூட்டின முற்றத்தில ஈர்க்குக் கீறு கீறாத் தெரியுமே, அதில ஒருக்கா வெறுங்காலோட நிக்கவேணும் போல கிடக்கு.

சரி, வேலிக் கதை. சித்தப்பா கதியாலை அரை முழம் உள்ள தள்ளிப் போட்டார் எண்டு அப்பா சண்டைக்குப் போகவேண்டாம். காணி உறுதி பெரியக்காவிட்ட இருக்கு, அதை வாங்கி, அளக்கிற ஆளைக் கூப்பிட்டு அளப்பியுங்கோ. மதில் கட்டுறதை இப்போதைக்கு விடுங்கோ, வாற வருஷம் பாப்பம். இந்த ஈரத்தோட பூவரசங் கதியால் போட்டால் பிடிச்சிடும், மழை விட்டாப்போல கிடுகு அடைக்கலாம். தங்கச்சியின்ர ரியூசன் காசு இந்த மாதம் அனுப்புறன், சீட்டுக்காசு தையில. சீட்டு மாமிக்கு நான் சொன்னதெண்டு சொல்லுங்கோ.

முற்றத்துப் புல்லை நீங்கள் குனிஞ்சு செருக்க வேண்டாம், அந்த முழங்காலோட. குட்டியைக் கூப்பிடுங்கோ. நாள்கூலி இப்ப எவ்வளவு எண்டு தங்கச்சியை எழுதச் சொல்லுங்கோ. நான் வெளிக்கிடேக்கையே உழவாரப் பிடி உக்கிப்போய்க் கிடந்தது, அதையும் மாத்துவியுங்கோ.

அன்பு மகன்,
கண்ணன்