நரி வேட்டையும் நாலு கோழியும்

ஆசிரியருக்கு வணக்கம். இங்கிலாந்துல நாய்க் கூட்டத்த விட்டு நரிய விரட்டிக் கொல்ற நரி வேட்டை இல்லன்னா நரி பெருகிடும்னு போன வாரம் ஒருத்தர் எழுதியிருந்தார், என்னால ஒத்துக்க முடியல. 2001ல கோமாரி நோய் வந்தப்ப கிட்டத்தட்ட ஒரு வருஷம் வேட்டையே நடக்கல, அப்புறம் ஆய்வு பண்ணி பார்த்தா எண்ணிக்கை ஏறவே இல்ல. 2005லயே தடை வந்தாச்சு, ஆனா நரிய துரத்தல, நாங்களே தரையில வாசனைத் தடம் போட்டு அது பின்னாடிதான் நாயை ஓட்டுறோம்னு சொல்லிட்டு இன்னும் வேட்டைக்காரங்க போடுற சிவப்பு கோட்டு மாட்டிட்டு கிளம்புறாங்க, நல்ல கூத்து!

நான் இங்கிலாந்துல கெண்ட் பகுதியில நாலு கோழி வளத்தேன், ஒரு ராத்திரி தாழ் போட மறந்துட்டேன், காலைல மூணு கோழியோட இறகுதான் கிடந்துச்சு. இப்ப கம்பிவலைய ஒரு அடி மண்ணுக்குள்ள புதைச்சு கரண்ட் வேலியும் போட்டாச்சு. ஆட்டுக்குட்டி வளக்கறவங்களுக்கு இது பத்தாது, அவங்க ராத்திரி லைட் அடிச்சு சுடட்டும், குறி தவறினா அதுவும் கொடுமைதான், இருந்தாலும் நாய்க் கூட்டத்த விட்டு விரட்டுறதுக்கு தேவலாம்.

– ஒரு வாசகர், கெண்ட்